எது முதலில்?

ஜவுளிக்கடையின் பில் போடும் இடத்தில் நிற்கிறீர்கள். கையில் 2000 ரூபாய்ப் புடவை. உங்களுக்கு இரண்டு சலுகைகள் உண்டு. பண்டிகைக்காக எல்லோருக்கும் கொடுக்கும் 10 சதவீதத் தள்ளுபடி ஒன்று. போன தடவை வாங்கியபோது கொடுத்த 100 ரூபாய் கூப்பன் இன்னொன்று. இரண்டையும் கழித்துவிடுகிறேன் என்கிறார் பில் போடுபவர். எதை முதலில் கழிப்பார்?

தள்ளுபடியை முதலில் கழித்தால் 2000 ரூபாய் 1800 ஆகும். அதில் கூப்பன் போனால் 1700. கூப்பனை முதலில் கழித்தால் 1900. அதில் 10 சதவீதம், அதாவது 190 போனால் 1710. அதே புடவை, அதே சலுகைகள், பத்து ரூபாய் வித்தியாசம்.

சரி, 20,000 ரூபாய்ப் பட்டுப்புடவை என்றால் வித்தியாசம் நூறாகுமா? போட்டுப் பாருங்கள். ஒரு வழியில் 17,900, மறு வழியில் 17,910. அதே பத்துதான். புடவையின் விலை எதுவானாலும் பத்துதான். காரணம் எளிது. கூப்பனை முதலில் கழித்துவிட்டால், பின்னால் வரும் 10 சதவீதம் கூப்பனையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. உங்கள் 100 ரூபாய் கூப்பன் 90 ரூபாயாகச் சுருங்கிப்போகிறது.

இந்தப் பத்து ரூபாய்க்குப் பின்னால் இருப்பதைப் பத்தாம் வகுப்புக் கணிதத்திலேயே நாம் படித்திருக்கிறோம், ஆனால் புடவைக்கடை ஞாபகம் வராத ஒரு மொழியில். ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு, ஒரு விதிப்படி இன்னோர் எண்ணைத் தருவதற்குச் ‘சார்பு’ என்று பெயர். ஒன்றைப் போட்டால் ஒன்றே ஒன்றுதான் வரும். ஒரு சார்பு தந்த எண்ணை அப்படியே எடுத்து அடுத்த சார்புக்குள் போட்டால், இரண்டும் சேர்ந்து ஒரே சார்பாகிவிடும். அதுதான் சார்புகளின் சேர்க்கை. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்ன வட்டம் போட்டு அதை எழுதுவார்கள்.

அந்தச் சின்ன வட்டம் என்னை ஒருமுறை கவிழ்த்திருக்கிறது. இரண்டு சார்புகள் கொடுத்திருந்தார்கள். க என்பது வர்க்கமாக்கும். ச என்பது இரட்டித்து 3 கூட்டும். க∘ச என்ற சேர்க்கையில் 4ஐப் போட்டால் என்ன வரும்? வட்டத்தைப் பெருக்கல் புள்ளியின் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு, 4இன் வர்க்கம் 16, இரட்டித்து மூன்று கூட்டினால் 11, இரண்டையும் பெருக்கி 176 என்று எழுதினேன். மதிப்பெண் இல்லை. சரியான விடை 121. முதலில் ச வேலை செய்யும்: 4 போய் 11 ஆகும். அந்த 11ஐ க வாங்கி வர்க்கமாக்கும். வரிசையை மாற்றி ச∘க என்றால் 4 முதலில் 16 ஆகி, பிறகு 35 ஆகும். ஒன்று 121, மற்றொன்று 35. புடவைக்கடையில் பத்து ரூபாயாக இருந்தது இங்கே பெரிய பள்ளமாகிவிட்டது.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். க∘ச என்று எழுதினால் க தானே முதலில் நிற்கிறது? ச ஏன் முதலில் ஓடவேண்டும்? தமிழ்ப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அவர்கள் விழுவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது என்பது என் கட்சி.

சார்பின் பெயரை முன்னால் எழுதி, எண்ணை அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கத்தை 1734 வாக்கில் தொடங்கிவைத்தவர் லெயோனார்டு ஆய்லர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்து எழுதியவர். ‘எஃப் ஆஃப் எக்ஸ்’ என்று வகுப்பில் நாம் ராகம் போட்டுச் சொல்வது அவர் கொடுத்த குறியீட்டைத்தான். பல ஐரோப்பிய மொழிகளின் பேச்சு வரிசைக்கு அது ஒத்துப்போகிறது. அங்கே ‘வர்க்கம்’ முதலில் வரும், எதன் வர்க்கம் என்பது பிறகு வரும். தமிழ் நேர்மாறு. ஆறின் வர்க்கத்தின் பாதி என்கிறோம். எண் முதலில், அதற்குச் செய்வது அடுத்து, அதற்கும் செய்வது அதற்கடுத்து. வாயில் வரும் வரிசையே வேலை நடக்கும் வரிசை. ஆறின் வர்க்கத்தின் பாதி 18. ஆறின் பாதியின் வர்க்கம் 9. இரண்டு வேற்றுமைத் தொடர்களை இடம் மாற்றியதும் விடை பாதியாகிவிட்டது. சேர்க்கையின் வரிசை முக்கியம் என்ற பாடத்தைத் தமிழ் ஓர் ‘இன்’ உருபுக்குள் வைத்திருக்கிறது.

வினையெச்சங்களைப் பாருங்கள். அரிசியை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்து, வேகவைக்கிறோம். நான்கு சார்புகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் முந்தையது தந்ததை வாங்கிக்கொள்கிறது. ஆய்லரின் குறியீட்டில் இட்லியை எழுதினால் ‘வேகவை(புளிக்கவை(அரை(ஊறவை(அரிசி))))’ என்று வரும். கடைசியில் செய்வது முதலில் நிற்கும். அரிசி எல்லா அடைப்புக்குறிகளுக்கும் அடியில் கிடக்கும். அதனால்தான் ‘உள்ளே இருந்து வெளியே வா’ என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தமிழ்ப் பழக்கத்தில் யோசித்தால் வலமிருந்து இடமாகப் படி, அவ்வளவுதான்.

எண்ணை முதலிலும் செய்கையைப் பின்னாலும் எழுதும் முறை கணித உலகிலும் உண்டு. 1972இல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் வெளியிட்ட எச்பி-35 என்ற கைக்கணக்கியில் மூன்றையும் நான்கையும் கூட்ட வேண்டுமானால், முதலில் 3, பிறகு 4, கடைசியில் கூட்டல் பொத்தான். மூன்றையும் நான்கையும் கூட்டு. சொல்லுக்குச் சொல் தமிழ். அடைப்புக்குறியே தேவையில்லை. இந்த முறைக்குத் தலைகீழ் போலிஷ் குறியீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது நேர்முறைதான்.

சேர்க்கைக்கு இன்னொரு வசதி இருக்கிறது. எண்ணைப் போட்டுப் பார்க்காமலேயே இரண்டு விதிகளை உருக்கி ஒன்றாக்கிவிடலாம். இரட்டித்து 3 கூட்டி வர்க்கமாக்கு என்பதில் நுழையும் எண்ணை ம என்று வைத்துக்கொள்ளுங்கள். விரித்தால் 4ம² + 12ம + 9 என்ற ஒரே விதி கிடைக்கும். 4ஐப் போடுங்கள்: 64, 48, 9. கூட்டினால் அதே 121. நடுவில் 11 என்ற எண் பிறக்கவே இல்லை! இரண்டு கிரைண்டர்களை உருக்கி ஒரே கிரைண்டராக வார்த்தது போல. ஆயிரம் எண்களுக்கு விடை வேண்டுமென்றால் இந்த உருக்கும் வேலையை ஒருமுறை செய்தால் போதும்.

ஆனால் எந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு இணைத்துவிட முடியாது. பஸ் இறக்கிவிடும் ஊரில் ரயில் நிலையம் இருந்தால்தான் மாறிப் போகலாம். ஒரு சார்பு எந்த எண்களை ஏற்றுக்கொள்ளுமோ அந்தத் தொகுப்பு அதன் ‘மதிப்பகம்’. அது வெளியே தரும் எண்களின் தொகுப்பு ‘வீச்சகம்’. உள்ளே இருக்கும் சார்பின் வீச்சகம் வெளியே இருப்பதன் மதிப்பகத்துக்குள் அடங்க வேண்டும். கைக்கணக்கியில் சோதித்துப் பார்க்கலாம். மைனஸ் 3ஐ வர்க்கமாக்கி மூலம் எடுத்தால் 9 வழியாக 3 வரும். முதலில் மூலம், பிறகு வர்க்கம் என்று மாற்றிப் போட்டால் முதல் அடியிலேயே கணக்கி பிழை என்று காட்டி நின்றுவிடும். 5ஐப் போட்டால் இரண்டு வழியிலும் 5தான் வரும், வேறுபாடே தெரியாது. வாசலில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து ஒரே வீடு திறக்கிறது அல்லது பூட்டிக்கொள்கிறது.

இணைத்ததைப் பிரிப்பது இன்னும் அழகு. வெளியூர் கிளம்பும்போது வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, பிறகு வெளிக் கேட்டைப் பூட்டுகிறோம். திரும்பி வரும்போது கேட்டை முதலில் திறக்கிறோம், கதவைப் பிறகு. பூட்டுவது திறப்பதாக மாறுவதோடு வரிசையும் தலைகீழாகிவிடுகிறது. ஒரு சார்பு செய்ததை அவிழ்க்கும் சார்புக்கு ‘நேர்மாறு’ என்று பெயர். ஒரு சேர்க்கைக்கு நேர்மாறு வேண்டுமென்றால், ஒவ்வொன்றின் நேர்மாறையும் பின்னிருந்து முன்னாகக் கோக்க வேண்டும்.

இந்த விதியை ஆரியபட்டர் 499இலேயே எழுதிவைத்தார்: பெருக்கல் வகுத்தலாகட்டும், வகுத்தல் பெருக்கலாகட்டும், கூட்டல் கழித்தலாகட்டும், கடைசியிலிருந்து தொடங்கு. 1150இல் பாஸ்கராச்சாரியர் தம் ‘லீலாவதி’யில் இதைப் பயிற்றுவிக்க ஒரு கணக்குப் போட்டார். ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி, வந்ததோடு அதன் முக்கால் பங்கைச் சேர்த்து, ஏழால் வகுத்து, அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, வர்க்கமாக்கி, 52 கழித்து, வர்க்கமூலம் எடுத்து, எட்டைக் கூட்டி, பத்தால் வகுத்தால் 2 வருகிறது. எண் எது? எண்ணிப் பாருங்கள், ஒன்பது சார்புகளின் சேர்க்கை. சார்பு என்ற சொல் ஐரோப்பாவில் பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்தைய கணக்கு இது.

வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்போம். 2ஐப் பத்தால் பெருக்கினால் 20. எட்டு போனால் 12. வர்க்கம் 144. 52 சேர்த்தால் 196. மூலம் 14. மூன்றில் ஒரு பங்கு போன பிறகு மிஞ்சியது 14 என்றால் முன்பு இருந்தது 21. ஏழால் பெருக்கினால் 147. முக்கால் சேர்ந்து, அதாவது ஒன்றே முக்கால் மடங்காகி 147 ஆனது என்றால் அதற்கு முன் 84. மூன்றால் வகுத்தால் 28. சமன்பாடு கிடையாது. எக்ஸ், ஒய் கிடையாது. இயற்கணிதம் படித்த ஒருவர் இதையே சமன்பாடாக எழுதினால் பாதிப் பக்கம் ஓடும்.

ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. மைனஸ் 28ஐயும் இதே ஒன்பது படிகளில் ஏற்றிப் பாருங்கள்: மைனஸ் 84, மைனஸ் 147, மைனஸ் 21, மைனஸ் 14, பிறகு வர்க்கம் 196. அதற்குமேல் அச்சு அசல் அதே பாதை, அதே 2. வர்க்கமாக்கும் படியில் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்ற செய்தி அழிந்துபோய்விட்டது. அழிந்த செய்தியை எந்த நேர்மாறும் மீட்டுத் தராது. சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மறதிக்காரனாக இருந்தாலும் மொத்தச் சங்கிலிக்கும் மறதி வந்துவிடும். இந்த மறதியைக் கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்திப்போம். அங்கே அது பெரிய விந்தையாக வளர்ந்து நிற்கும்.

மறதியே இல்லாத சேர்க்கைகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய எனிக்மா சங்கேத இயந்திரத்தில் ஒரு விசையை அழுத்தினால் மின்சாரம் முதலில் ஒரு செருகு பலகை வழியாகப் போகும். பிறகு மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றும் எழுத்தை வேறோர் எழுத்தாக மாற்றும். கடைசியில் ஒரு திருப்பி. அது 26 எழுத்துகளையும் 13 ஜோடிகளாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றை மற்றதாக மாற்றி, வந்த வழியே அனுப்பிவிடும். மறுபடி மூன்று சக்கரங்கள், மறுபடி பலகை. பாஸ்கரரின் கணக்கைப் போலவே ஒன்பது சார்புகள்! கேட்டைத் திறந்து, கதவைத் திறந்து, உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டி, கேட்டைப் பூட்டி வருவது போன்ற அமைப்பு. இதனால் ஓர் அற்புதமான வசதி கிடைத்தது. சங்கேதமாக்கிய செய்தியை அதே அமைப்பில் வைத்த இயந்திரத்தில் மீண்டும் தட்டினால் மூலச் செய்தி வந்துவிடும். பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி.

அதே வசதி ஒரு பலவீனத்தையும் கொண்டுவந்தது. திருப்பி எந்த எழுத்தையும் அதுவாகவே விடாது என்பதால், மொத்த இயந்திரமும் எந்த எழுத்தையும் அதே எழுத்தாகத் தராது. 1932இல் போலந்தின் மரியன் ரெயெவ்ஸ்கி என்ற இளம் கணிதவியலாளர் இந்தச் சார்புகளைச் சமன்பாடுகளாக எழுதி, சக்கரங்களுக்குள் ஓடும் கம்பி இணைப்புகளைத் தாளிலேயே கண்டுபிடித்தார். அவர் கையாண்டது சேர்க்கையும் நேர்மாறும் பற்றிய கணிதத்தைத்தான்.

ஒரு சார்பை இன்னொன்றோடு சேர்ப்பது இருக்கட்டும். தன்னோடு தன்னையே சேர்த்தால்? இந்தக் கேள்வியில் மூழ்கியவர்கள் கேம்பிரிட்ஜில் படித்த இரண்டு நண்பர்கள். ஜான் ஹெர்ஷல் பின்னாளில் வானியலில் பெயர் வாங்கினார். சார்லஸ் பாபேஜ் கணிக்கும் எந்திரங்களை வடிவமைத்தார். ஒரு சார்பின் தலைமேல் சின்ன 2 போட்டால் அதை இரண்டு முறை செய் என்றும், மைனஸ் 1 போட்டால் அவிழ் என்றும் கொள்ளலாம் என்று 1813இல் ஹெர்ஷல் எழுதினார். முக்கோணவியலில் சைன் தலையில் மைனஸ் 1 போடும்போது இன்றும் அவர் சொன்னபடிதான் படிக்கிறோம். சைன் தலையில் 2 போடும்போது மட்டும் வர்க்கம் என்று படிக்கிறோம். ஒரே இடத்தில் போடும் சின்ன எண்ணுக்கு இரண்டு சட்டம். இதில் குழம்பாத மாணவரை நான் பார்த்ததில்லை. தவறு மாணவருடையது அல்ல.

பாபேஜ் 1815இல் சார்புகளைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், இரண்டு முறை செய்தால் தொடங்கிய இடத்துக்கே வரும் சார்புகளைத் தேடினார். 10இலிருந்து கழி என்பது ஒன்று: 3 போய் 7, 7 போய் 3. மூன்று முறையில் வீடு திரும்புபவையும் உண்டு. எண்ணை 1இலிருந்து கழித்து, வந்ததால் 1ஐ வகுக்கவும். 2ஐப் போட்டால் மைனஸ் 1. அதைப் போட்டால் அரை. அரையைப் போட்டால் மறுபடி 2. வேறு எண் வேண்டுமா? 5ஐப் போட்டால் மைனஸ் கால், அடுத்து ஐந்தில் நான்கு பங்கு, அடுத்து 5. பார்க்க எந்த ஒழுங்கும் இல்லாத விதி, ஆனால் மூன்றாம் சுற்றில் தவறாமல் வாசற்படிக்கு வந்துவிடுகிறது. 0ஐயும் 1ஐயும் மட்டும் உள்ளே விடாதீர்கள், சுழியால் வகுக்க நேரும்.

கைக்கணக்கியில் 10 கோடியைத் தட்டி, வர்க்கமூலப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருங்கள். 10,000, 100, 10, 3.16, 1.78 என்று இறங்கும். பத்தாவது அழுத்தலில் 1.018. பத்தே அழுத்தலில் பத்துக் கோடி கரைந்துவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் 1ஐத் தாண்டிக் கீழே போகாது, ஏனென்றால் 1இன் மூலம் 1. இப்படிச் சார்புக்குள் போட்டாலும் மாறாமல் நிற்கும் எண்ணை ‘நிலைப்புள்ளி’ என்பார்கள்.

நிலைப்புள்ளி கிடைத்துவிட்டதால் புடவைக்கடைக்கு ஒரு நடை போய்வரலாம். கூப்பனுக்குப் பதிலாக 5 சதவீத வரி இருந்திருந்தால்? தள்ளுபடி முதலில் என்றால் 1800, அதோடு வரி 90 சேர்ந்து 1890. வரி முதலில் என்றால் 2100, அதில் தள்ளுபடி 210 போய் 1890. வித்தியாசமே இல்லை. வரிசையை மாற்றினால் எப்போது விடை மாறும், எப்போது மாறாது? ஓர் எண்ணால் பெருக்கி இன்னோர் எண்ணைக் கூட்டுகிற அல்லது கழிக்கிற வகைச் சார்புகளுக்கு எளிய சோதனை இருக்கிறது. இரண்டுக்கும் ஒவ்வொரு நிலைப்புள்ளி இருந்து, அவை ஒன்றே என்றால் வரிசை பொருட்டில்லை. தள்ளுபடிக்கும் வரிக்கும் நிலைப்புள்ளி 0, ஓசிப் புடவைக்குத் தள்ளுபடியும் இல்லை, வரியும் இல்லை. கூப்பனுக்கோ நிலைப்புள்ளியே கிடையாது, எதிலிருந்து 100 போனாலும் எண் மாறிவிடும். இரட்டித்து 3 கழி, மூன்று மடங்காக்கி 6 கழி என்ற இரண்டையும் எடுங்கள். இரண்டும் 3ஐ அசைப்பதில்லை. 5ஐ ஒரு வரிசையில் போட்டால் 7 வழியாக 15, மறு வரிசையில் 9 வழியாக அதே 15.

மறதியும் நிலைப்புள்ளியும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டியவர் மகாராஷ்டிரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர். தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர். நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் ஓய்வு பெறும்வரை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். முதுகலைப் பட்டம் கிடையாது. எண்களோடு விளையாடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த அவர், 1949இல் மெட்ராஸ் கணித மாநாட்டில் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் வெளியுலகம் அவரைக் கவனித்தது.

அவருடைய சார்பு இது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அதுமட்டுமே நிபந்தனை. அதன் இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் ஓர் எண், சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இன்னோர் எண். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். ஓடை இரண்டு கிளையாகப் பிரிந்து மறுபடி சேருகிற சேர்க்கை இது. வந்த விடையை மறுபடி உள்ளே போடுங்கள்.

கப்ரேகர் பிறந்த ஆண்டையே போட்டுப் பார்ப்போம், 1905. 9510இலிருந்து 0159 போனால் 9351. அடுத்து 9531இலிருந்து 1359 போனால் 8172. அடுத்து 7443. அடுத்து 3996. அடுத்து 6264. அடுத்து 4176. அடுத்து 7641இலிருந்து 1467 போனால் 6174. இதை மறுபடி போட்டால் அடுக்குவது அதே இலக்கங்களைத்தானே? அதே 7641, அதே 1467, அதே 6174. நிலைப்புள்ளி. இனி வெளியே வழியில்லை.

ஏதோ ஓர் எண் அங்கே போய் மாட்டிக்கொண்டது என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. எல்லா எண்களும் மாட்டிக்கொள்கின்றன. முன்னால் சுழிகளை வைத்து எழுதுவதையும் சேர்த்தால் நான்கு இலக்க எண்கள் 10,000. அவற்றில் எல்லா இலக்கமும் ஒன்றானவை பத்து. மீதி 9990 எண்களும் அதிகபட்சம் ஏழு சுற்றுகளில் 6174க்கு வந்துவிடுகின்றன. சேர்க்கையின் மொழியில் சொன்னால், இந்தச் சார்பைத் தன்னோடு தானே ஏழு முறை சேர்த்தால், எதைப் போட்டாலும் ஒரே எண்ணைத் தரும் சார்பாகிவிடுகிறது. அதற்கு ‘மாறிலிச் சார்பு’ என்று பெயர். படமாக வரைந்தால், கரடுமுரடான மலைத்தொடர் ஏழு மடிப்புகளில் மேசைப் பலகையாகிவிட்டது.

எப்படி? மறதிதான். நான்கு இலக்கங்களைப் பெரியதிலிருந்து அடுக்கிவிட்டோம். முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தை 999ஆல் பெருக்குங்கள். நடு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 90ஆல் பெருக்குங்கள். கூட்டினால் வருவதுதான் கழித்தலின் விடை. 7641இல் முதல் வித்தியாசம் 6, நடு வித்தியாசம் 2. 5994ம் 180ம் சேர்ந்து 6174. ஆக, இந்தச் சார்பு நீங்கள் போட்ட எண்ணைப் பார்ப்பதே இல்லை. இரண்டு வித்தியாசங்களை மட்டும் பார்க்கிறது. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம், நடு வித்தியாசம் அதை மிஞ்ச முடியாது. எண்ணினால் 54 ஜோடிகள்தான். 9990 எண்கள் ஒரே சுற்றில் 54 ஆகச் சுருங்கிவிட்டன! ஒரு சிற்றூரின் மொத்த ஜனமும் ஒரே பஸ்ஸில் அடைந்தது போல. அந்த 54ஐயும் ஒவ்வொன்றாகச் சோதிக்க ஒரு மாலைப் பொழுதும் ஒரு ரூல் போட்ட நோட்டும் போதும். 9990க்கும் நிரூபணம் முடிந்துவிடும்.

மூன்று இலக்க எண்களுக்கு இதே வேலையைச் செய்தால் 495இல் போய் நிற்கும். இரண்டு இலக்கங்களுக்கு நிற்பதே இல்லை. 9, 81, 63, 27, 45, மறுபடி 9 என்று கோயில் பிரகாரம் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏன் மூன்றும் நான்கும் அடங்குகின்றன, இரண்டு அடங்கவில்லை என்றால், கணக்குப் போட்டுக் காட்டலாமே தவிர, மனசுக்கு நிறைவான ஒரு வரிக் காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லாச் சுற்றும் இப்படி நோட்டுக்குள் அடங்கிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இரட்டை எண் என்றால் பாதியாக்கு, ஒற்றை எண் என்றால் மூன்று மடங்காக்கி 1 கூட்டு. ஜெர்மானியக் கணிதவியலாளர் லோதர் கொலாட்ஸ் 1937இல் எழுப்பிய கேள்வியின் சார்பு இவ்வளவுதான். எதைப் போட்டாலும் கடைசியில் 1க்கு வந்துவிடுமா? 27ஐப் போட்டால் 9232 வரை ஏறி, 111 படிகள் அலைந்து 1க்கு வருகிறது. 2இன் 68ஆம் அடுக்கு என்ற 21 இலக்க எண்ணையும் தாண்டிக் கணினிகள் சோதித்துவிட்டன. தப்பியது ஒன்றும் இல்லை. ஆனால் எல்லா எண்ணுக்கும் இது உண்மை என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இங்கே 54 என்ற பஸ் இல்லை.

கொலாட்ஸைக் கணிதவியலாளர்களிடம் விட்டுவிடுவோம். நீங்கள் பிறந்த ஆண்டை ஒரு தாளில் எழுதி, கப்ரேகரின் சார்பில் போடுங்கள். நடுவில் மூன்று இலக்க விடை வந்தால் முன்னால் ஒரு சுழி போட்டு நான்காக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். கப்ரேகருக்கு ஏழு, அவர் மெட்ராஸில் அறிவித்த 1949க்கும் ஏழு. யாருக்காவது எட்டு வந்தால் கழித்தலில் கடன் வாங்கிய இடத்தைச் சரிபாருங்கள்.